ஒரு நாள் வானம்

இலுப்பைக்கடவைக் கரையில் மாலை வேளையில் நின்று அண்ணாந்து பார்த்தால், மிக உயரத்தில் வெண்ணிறக் கோடொன்றை இழுத்துக்கொண்டு விமானம் செல்வதைச் சில நாட்களிற் காணலாம். வலை உலர்த்தும் இடத்தில் விளையாடும் சிறுவர் அதைக் கண்டதும் கையசைப்பார்கள். மேலே இருப்பவர் எவருக்கும் அந்தக் கை தெரியப்போவதில்லை. எனினும் அசைப்பார்கள். விமானத்தைக் கண்டு கையசைக்காத குழந்தை உலகில் எங்கும் இல்லை என்று சொல்லத் தோன்றும்.

அப்படிச் சொல்வது பிழை. இதே கரையில், இதே வயதில், அச்சிறுவரின் தாய்மார் விமான ஒலியைக் கேட்டபோது கையசைக்கவில்லை; பதுங்குகுழிக்கு ஓடினார்கள். ‘கிபிர்’ என்ற சொல்லை அவர்களிற் பலர் அரிச்சுவடிக்கு முன்பே கற்றார்கள். 2007ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், இலுப்பைக்கடவையை அடுத்த படகுத்துறை என்னும் மீனவர் குடியிருப்பின்மீது விமானப்படை குண்டு வீசியதில் 15 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். அதற்கு முன்னர், 1998 செப்டெம்பர் 29இல், பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் பயணிகள் விமானம் மன்னார்க் கரைக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் இறந்தனர். புலிகள் ஏவிய ஏவுகணையே அதனை வீழ்த்தியது என்று கருதப்படுகிறது. தரைவழி அடைபட்டிருந்த காரணத்தால் வான்வழியே போகத் துணிந்த சாதாரண மக்கள் அவர்கள். மேலிருந்தவர் கீழிருந்தோரைக் கொன்றதும், கீழிருந்தவர் மேலிருந்தோரைக் கொன்றதும் இந்த ஒரே வானத்தில் நிகழ்ந்தன.

இன்று அத்தாய்மார் வளர்ந்துவிட்டனர். ஒலி கேட்டால் ஒரு கணம் தோள் குறுகுகிறது, அவ்வளவுதான். அவர்களின் குழந்தைகளோ மேலே போக வேண்டும் என்கிறார்கள்.

இந்தக் கரையில் நின்றுகொண்டு ஒரு கேள்வியை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். கடும் நோயுற்ற குழந்தை ஒன்றை ஒரு நாள் விமானத்தில் ஏற்றி மகிழ்விப்பது நல்ல செயலா? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் தர்மம், உரிமை, மகிழ்ச்சி, மரணம் ஆகிய நான்கையும் பற்றி நாம் உண்மையில் என்ன நினைக்கிறோம் என்பதை இது வெளிக்கொண்டு வந்துவிடும்.

மேலைநாடுகளில் இது ஒரு வழக்கமாகவே வளர்ந்திருக்கிறது. சிறிய விமானத்தளமொன்றில் ஒரு நாளைக் குறித்து, புற்றுநோயோ, இதயநோயோ, தசைகள் தேயும் நோயோ உற்ற குழந்தைகளைக் குடும்பத்துடன் அழைக்கிறார்கள். விமானக் கொட்டகையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். விமானியின் ஆசனத்தில் அமர்த்தி, காதொலிக் கருவியை மாட்டிவிட்டு, கருவிகளைத் தொட்டுப் பார்க்க விடுகிறார்கள். உடல்நிலை இடங்கொடுத்தால் அரை மணி நேரம் வானில் ஏற்றி, குழந்தையின் ஊரையும் வீட்டையும் மேலிருந்து காட்டி இறக்குகிறார்கள். இங்கிலாந்தில் பிரிட்டிஷ் எயார்வேஸ் ஊழியர் இருவர் 1986இல் தொடங்கிய ‘டிரீம்ஃபிளைட்’ என்னும் அமைப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. 192 குழந்தைகளை ஒரே விமானத்தில், பெற்றோரின்றி, வைத்தியரும் தாதியரும் உடன்வர, அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்துச் செல்வது அதன் வழக்கம். எப்போதும் பிறர் கைப்பிடியிலேயே இருந்த குழந்தை, தாயை விட்டுச் சில நாட்கள் வாழ முடியும் என்று அறிந்து திரும்புகிறது.

இத்தகைய முயற்சிகளுக்கெல்லாம் முன்மாதிரியாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிறிஸ் கிரீசியஸ் என்னும் ஏழு வயதுச் சிறுவன் இரத்தப் புற்றுநோயால் வருந்தினான். அவனுக்குப் பொலிஸ்காரனாக வேண்டும் என்று ஆசை. அவன் குடும்பத்துக்குப் பழக்கமான சுங்க அதிகாரி ஒருவரின் முயற்சியால், 1980 ஏப்ரல் 29ஆம் நாள் மாநிலப் பொலிஸார் தமது ஹெலிகொப்டரில் அவனை ஏற்றிச் சென்றனர். அவனுக்கென்றே சிறிய அளவில் சீருடை தைக்கப்பட்டது. மோட்டார் சைக்கிள் படையின் சின்னத்தைப் பெறுவதற்கு அவன் தன் மின்கல வண்டியை ஓட்டிப் பரீட்சையில் தேற வேண்டியிருந்தது, தேறினான். மே மாதம் 3ஆம் நாள் அவன் இறந்தான். அவனுடைய நினைவிலேதான் ‘மேக் எ விஷ்’ என்னும் அமைப்பு தோன்றிப் பல நாடுகளுக்கும் பரவியது.

இந்த நிகழ்ச்சியிற் கவனிக்க வேண்டியது ஹெலிகொப்டர் அன்று. அச்சிறுவனை ஒருவர் கேட்டார் என்பதே கவனிக்க வேண்டியது. அவன் ஆசையை விளையாட்டென்று ஒதுக்காமல், வளர்ந்த மனிதனின் ஆசையைப் போலவே மதித்து, பரீட்சை வைத்து, தேறிய பின்னரே சின்னம் கொடுத்தார்கள். அதுவரை அவன் உடலைத் தொட்டவர்கள் எல்லாரும் அவனுக்குள் இருந்த நோயைத் தேடித் தொட்டவர்கள். அன்று ஒரு நாள் அவனையே தேடி வந்தார்கள்.

ஆயினும் நம் நண்பர்கள் இதை இவ்வளவு எளிதில் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது. அவர்கள் தரப்பு நியாயம் வலிமையானது.

முதலாவது, இது தர்மம் என்னும் பெயரால் நடக்கும் மனச்சாட்சிச் சலவை என்பார்கள். ஊரைச் சுரண்டியவன் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுப்பதுபோல, பெருங் கம்பெனிகள் நோயுற்ற குழந்தையைத் தம் விமானத்தில் ஏற்றிப் படம் பிடித்துக்கொள்கின்றன என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2020 பெப்ரவரியில், விமானத்தையே அறியாத பள்ளிச் சிறுவர் சிலரைச் சென்னையில் விமானத்தில் ஏற்றி, ‘சூரரைப் போற்று’ என்னும் திரைப்படத்தின் பாடலொன்றை வானிலேயே வெளியிட்டனர். அச்சிறுவர் நோயாளிகள் அல்லர், ஏழைகள். அவர்களின் மகிழ்ச்சி பொய்யில்லை. எந்தக் குழந்தையின் முதல் வான்பயணமும் பொய்யாகாது. ஆனால் அந்த மகிழ்ச்சி அமர்ந்த அதே விமானத்தில் விளம்பரமும் அமர்ந்திருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஒன்றைக் கண்டு மற்றதை மறுப்பது நேர்மையன்று.

இரண்டாவது, கணக்குக் கேட்பார்கள். விமானம் ஒரு மணி நேரம் பறக்க ஆகும் செலவில் எத்தனை குழந்தைகளுக்கு மருந்து வாங்கலாம், எத்தனை தாய்மாருக்குப் பஸ் கட்டணம் கொடுக்கலாம்? இதுவும் நியாயமான கேள்வி. ஆனால் இக்கணக்கு எப்போது கேட்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அமைச்சர் திறப்புவிழாவுக்கு ஹெலிகொப்டரில் இறங்கும்போது எவரும் மருந்துக் கணக்குப் பார்ப்பதில்லை. அணிவகுப்பு நாளில் போர்விமானங்கள் வானில் கோலம் போடும்போதும் பார்ப்பதில்லை. ஏழைக் குழந்தையின் மகிழ்ச்சி என்று வந்தவுடன் மட்டும் நாமெல்லாரும் சிக்கனக்காரர் ஆகிவிடுகிறோம். ஏழைக்குத் தேவை உண்டு, ஆசை கிடையாது என்னும் எண்ணம் முதலாளியின் மனத்தில் மட்டுமன்று, சில வேளை அவனை எதிர்ப்பவரின் மனத்திலும் குடியிருக்கிறது.

மூன்றாவது ஆட்சேபம் ஆழமானது. ஒரு நாள் காட்டிவிட்டு மறைப்பது கொடுமையல்லவா? நாளை இல்லாத குழந்தைக்கு இன்றைய விமானம் எதற்கு?

நம் வாசகர்களிற் பலர் ஆசிரியர்கள். ஆகவே இந்த இடத்தில் நம்மை நாமே சோதித்துக்கொள்ள வேண்டும். வகுப்பிற்குள் நுழைந்ததும் நாம் குழந்தையிடம் கேட்கும் கேள்வி என்ன? ‘வளர்ந்து என்னவாகப் போகிறாய்?’ டாக்டர், எஞ்சினியர், விமானி என்று பதில் வருகிறது. குழந்தைப் பருவம் முழுவதையும் பின்னால் வரப்போகும் ஏதோ ஒன்றின் முன்பணமாகவே நாம் நினைக்கிறோம். கல்வி முதலீடு, விளையாட்டு உடற்பயிற்சி, கதை நீதிபோதனை. எதுவும் அதற்காகவே இருக்க அனுமதியில்லை. வளர்வோம் என்ற உறுதியில்லாத குழந்தை வகுப்பின் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும்போது அந்தக் கேள்வி நம் தொண்டையில் சிக்குகிறது. அப்போதுதான் அது எவ்வளவு குறையான கேள்வி என்று தெரிகிறது.

அக்குழந்தையிடம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: ‘உனக்கு இப்போது என்ன வேண்டும்?’ இக்கேள்வியை எல்லாக் குழந்தைகளிடமும் கேட்டிருக்க வேண்டும் என்பதை நோயுற்ற குழந்தை நமக்குக் கற்பிக்கிறது. மகிழ்ச்சியின் மதிப்பு அது நீடிக்கும் காலத்தில் இல்லை. எண்பது ஆண்டு வாழ்ந்தவனின் மகிழ்ச்சியும் நாள் நாளாகத்தான் வந்தது. ஒரு நாள் வாழ்வு என்பது வாழ்வே அன்று என்று சொல்ல நமக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்? அன்றியும், கடும் நோயுற்ற எல்லாக் குழந்தைகளும் இறந்துவிடுவதில்லை. இது இறப்போருக்கு ஊட்டும் கடைசிப் பாலன்று. பலருக்கு இது நெடிய சிகிச்சையின் நடுவே கிடைக்கும் மூச்சு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள சிறுவர் வைத்தியசாலை ஒன்று 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஆசை நிறைவேறப்பெற்ற குழந்தைகள் அவசர நிலையில் வைத்தியசாலைக்கு வர நேர்ந்தது குறைவு என்று காணப்பட்டது. ஆசைதான் உடலைத் தேற்றியது என்று இதைக்கொண்டு நிறுவிவிட முடியாது. ஆசை நிறைவேறுவதால் உடலுக்குத் தீங்கு என்ற பேச்சுக்கு மட்டும் இது பதிலாகும்.

ஆகவே வானத்தில் ஒரு நாள் என்பது பொய்யான பரிசன்று. இந்த அளவில் நான் அதன் பக்கம். ஆனால் இங்கே நின்றுவிட முடியாது. ஏனெனில் நாம் நிற்பது மன்னாரில்.

மன்னார்த் தீவில் ஒரு கடற்றொழிலாளியின் ஐந்து வயதுக் குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. குழந்தை வெளிறுகிறது. கால் நோகிறது என்று அழுகிறது. கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள் அயலவர். சில வாரங்கள் கழிகின்றன. மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் இரத்தம் சோதித்து, ஐயம் தோன்றி, மேலே அனுப்புகிறார்கள். மேலே என்றால் வானமன்று, மகரகம. ஏறத்தாழ 300 கிலோமீட்டர். குழந்தைகளில் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய்க்குரிய சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீள்வது. எத்தனை முறை போய்வருவது? தந்தை உடன் போனால் அன்று கடலில்லை, கடலில்லையென்றால் அடுப்பில்லை. தாய் போனால் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது? நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம். இது உலகில் பல நாடுகளுக்கு வாய்க்காத பேறு. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் மருந்து இலவசமானாலும் மருந்துக்குப் போகும் வழி இலவசமன்று. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போதோ மருந்துக்கே தட்டுப்பாடு வந்தது. வழிக்கு எரிபொருளும் இல்லாமற் போயிற்று.

உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கைப் பார்ப்போம். ஆண்டுதோறும் 19 வயது வரையுள்ள சுமார் 4 இலட்சம் பேருக்குப் புற்றுநோய் காண்கிறது. செல்வ நாடுகளில் அவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர். ஏழை, நடுத்தர நாடுகள் பலவற்றிலோ நூற்றுக்கு 30 பேருக்கும் குறைவு. நோய் ஒன்றுதான், மருந்தும் பெரும்பாலும் ஒன்றுதான். நோயைக் காலந்தாழ்த்திக் கண்டுபிடிப்பதும், மருந்து கிடைக்காமையும், செலவும் தூரமும் தாங்காமற் சிகிச்சையை இடையில் கைவிடுவதுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணங்களுட் சில. அதாவது, நோயினால் மட்டும் இக்குழந்தைகள் இறப்பதில்லை, பாதையினாலும் இறக்கிறார்கள். இவ்விகிதத்தை 2030க்குள் உலகெங்கும் நூற்றுக்கு 60க்காவது உயர்த்துவது என்று அந்நிறுவனம் 2018இல் இலக்கு வகுத்தது.

இங்கேதான் அந்த இரண்டாவது ஆட்சேபம் தன் முழு வலிமையுடன் திரும்பி வருகிறது. சிகிச்சைக்கு வழியுள்ள நாட்டில், வானத்தில் ஒரு நாள் என்பது வாழ்வுக்குமேல் வைத்த மலர். வழியில்லாத இடத்தில், அதே நாள் வாழ்வுக்குப் பதிலாக வைத்த மலர் ஆகிவிடும். அந்த மலரை நாம் நன்கு அறிவோம். அதைச் சவப்பெட்டியின்மேல் வைப்பார்கள்.

நம் இலக்கியத்தில் ஒரு விமானம் வருகிறது. சிலப்பதிகாரத்தைக் கற்பித்தவர்களுக்கு அது நினைவிருக்கும். கணவனை இழந்து, அரசவையில் நீதி கேட்டு, மதுரையை எரித்து, மலைநாடு போய் வேங்கை மரத்து நிழலில் நின்ற கண்ணகியை அழைத்துச் செல்லப் பதினாலாம் நாள் வானத்திலிருந்து ஊர்தி வருகிறது; கோவலனும் அதில் இருக்கிறான். குன்றக் குறவர் கண்டு வியந்து அவளைத் தெய்வமென்று வணங்குகின்றனர். அழகிய காட்சி. ஆனால் மாணவன் ஒருவன் எழுந்து கேட்டால் நம்மிடம் பதில் உண்டா? கோவலன் கொலைக்களத்துக்குப் போகும்போது அந்த ஊர்தி எங்கே இருந்தது? காற்சிலம்பை ஏந்தி அவள் தனியே மதுரைத் தெருவில் நின்றபோது அது ஏன் வரவில்லை? எல்லாம் முடிந்த பின்னர்தான் வானம் இறங்கி வந்தது. நீதி கேட்டவளுக்குக் கிடைத்தது வழிபாடு.

நோயுற்ற குழந்தைக்கு நாம் அனுப்பும் விமானம் கண்ணகிக்கு வந்த ஊர்தியாக இருந்துவிடக் கூடாது என்பதே இக்கட்டுரை சொல்ல விரும்பும் ஒரே செய்தி.

அப்படியானால் கொடையை நிறுத்திவிட்டு உரிமைக்காகக் காத்திருப்பதா? வள்ளுவர் இதற்கு விடை வைத்திருக்கிறார். ஈகையைப் புகழ்ந்து ஓர் அதிகாரம் செய்த அவரே, இரவச்சம் என்று இன்னோர் அதிகாரமும் செய்தார். கொடுப்பதன் இன்பத்தைப் பாடியவர், இரந்துதான் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவனே கெடட்டும் என்று சபிக்கவும் துணிந்தார். முன்னதை மட்டும் மேடைகளில் முழங்குவோர் அரை வள்ளுவரையே அறிந்தவர்கள். பின்னதை மட்டும் சொல்வோரும் அவ்வாறே. பசித்தவனுக்கு இன்று சோறு கொடு. நாளை அவன் கையேந்த நேராத உலகைச் செய். இரண்டும் ஒரே அறத்தின் இரண்டு கைகள்.

கொடை உரிமையாக வளர்ந்ததற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஒரு காலத்தில் ஏழை மாணவனுக்கு ஆங்கிலக் கல்வி என்பது ஏதேனும் ஒரு பெரிய மனிதரோ மிஷனோ இரங்கிக் கொடுத்தது. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, நேற்றுவரை இரக்கமாக இருந்தது உரிமையாயிற்று. மருத்துவமும் அவ்வழியே வந்தது. அண்மைக் காலத்திலும் ஒன்று நடந்தது. 2011ஆம் ஆண்டு ஜூலையில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீட்டர் தூரத்தை மக்கள் 27 நாட்களில் நடந்து கடந்தனர். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுவதற்கு நிதி திரட்டிய நடை அது. சிங்களக் கிராமத்துத் தாய்மார் வடக்கின் குழந்தைக்காக வழியில் நின்று சில்லறை கொடுத்தனர். 2016இல் பருத்தித்துறையிலிருந்து எதிர்த்திசையில் நடந்து, காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்கு நிதி சேர்த்தனர். இதுவும் கொடைதான். ஆனால் ஒரு நாளோடு முடியாத கொடை. கட்டடமாக, கட்டிலாக, இயந்திரமாக நின்றுவிட்ட கொடை. ஒரு நோயாளிக்கு மகரகமவின் தூரம் தெல்லிப்பழையின் தூரமாகக் குறையுமென்றால், அது எந்த விமானமும் செய்யாத பறத்தல். எனினும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்: போர்விமானம் வாங்க எந்த அரசாவது மக்களை 27 நாட்கள் நடக்கச் சொன்னதுண்டா?

இனி, அந்த ஒரு நாளையே எடுத்துக்கொள்வோம். மன்னாரில் அப்படி ஒரு நாள் நடத்த யாரேனும் முன்வந்தால் நாம் எதை வேண்டுவது?

முதலில், குழந்தையைக் கேட்க வேண்டும். எல்லாக் குழந்தைகளும் பறக்க விரும்புவதில்லை. ஒருவனுக்குப் புகையிரதத்தின் எஞ்சினில் ஏற வேண்டும் என்றிருக்கலாம். 1990இல் நின்ற தலைமன்னார்ப் புகையிரதம் மீண்டு வந்ததே 2015இல்தான். இன்னொருத்திக்குத் தன் பள்ளி வகுப்பில் ஒரு நாள் முழுவதும் அமர்ந்திருக்க வேண்டும் என்றிருக்கலாம். கொடுப்பவன் தன்னிடம் உள்ளதைக் கொடுப்பதற்கும், பெறுபவன் வேண்டியதைக் கொடுப்பதற்கும் இடையே உள்ள தூரம், தானத்துக்கும் தோழமைக்கும் இடையே உள்ள தூரமாகும்.

இரண்டாவது, வைத்தியரின் சொல்லே முடிவான சொல்லாக வேண்டும். பெரிய பயணிகள் விமானத்தின் உள்ளறையில் காற்றழுத்தம் ஏறத்தாழ இரண்டாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட மலையில் இருப்பது போன்றது. இரத்தம் குறைந்த குழந்தைக்கு அங்கே மூச்சுக்குத் தேவையான உயிர்வாயு போதாமற் போகலாம். சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி குன்றியிருக்கும் குழந்தைக்குக் கூட்டமே ஆபத்து. தாழப் பறக்கும் சிறு விமானம் சிலருக்குப் பொருந்தும். சிலருக்கு அதுவும் பொருந்தாது. அவர்கள் தரையில் நிற்கும் விமானத்தின் ஆசனத்தில் அமர்ந்து, கைப்பிடியைப் பற்றி, எஞ்சின் அதிர்வை உள்ளங்கையில் உணர்ந்தால் போதும். குழந்தையின் மனம் மீதியைப் பறந்துகொள்ளும்.

மூன்றாவது, படம் பிடிக்க வேண்டாம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறிய வேண்டியதில்லை என்பது இந்தக் கரையின் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் கேட்கும் போதனைதானே? மொட்டைத் தலையும் கையில் ஒட்டிய ஊசியுமாக இருக்கும் குழந்தைக்கும் மானம் உண்டு. அதன் சிரிப்பு அதன் சொத்து.

நான்காவது மன்னாருக்கே உரியது. இங்கே விமானம் யாருடையது என்ற கேள்வி எழும். படைகளின் விமானமாகவே அது இருக்கலாம். அதில் ஏறக்கூடாது என்று குழந்தையைத் தடுக்க எனக்கு மனமில்லை. படகுத்துறையில் இறந்தோர் எவரும், இன்னொரு குழந்தையின் அரை மணி நேர மகிழ்ச்சியை நட்டஈடாகக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அக்குழந்தையின் சிரிப்பைக் காட்டி, பாருங்கள், எல்லாம் ஆறிவிட்டது என்று எவரும் நற்சான்றிதழ் எழுதிக்கொள்ளவும் கூடாது. மன்னிப்பு என்பது இழந்தவர் தம் காலத்தில், தம் விருப்பில், உண்மை பேசப்பட்ட பின்னர் கொடுப்பது. நோயுற்ற குழந்தையின் தோளில் ஏற்றிக் கொண்டுபோகும் சுமையன்று அது.

ஐந்தாவதும் முடிவானதுமான நிபந்தனை, மறுநாள். விமானம் இறங்கிய மறுநாள் அந்தக் குழந்தை எந்தப் பஸ்ஸில், யார் செலவில், எத்தனை மணிக்கு வைத்தியசாலைக்குப் போகும் என்பதற்கு விடை வைத்திருப்பவனே முதல்நாள் விமானத்தைக் கொண்டுவரும் தகுதி பெற்றவன். ஒரு மணி நேரம் குழந்தையை மகிழ்விக்க மன்னாரில் இறங்க முடிந்த ஹெலிகொப்டர், உயிருக்குப் போராடும் குழந்தையை ஏற்றிச் செல்ல இன்னொரு நாள் இறங்க முடியாது என்று எவரும் சொல்ல முடியாது. ஆசைக்கு வந்த வழியே அவசரத்துக்கும் வர வேண்டும். அப்படி வந்தால், கொடையாகத் தொடங்கியது உரிமையாக வளரும்.

அந்தக் குழந்தை மேலே போனால் என்ன காணும்? முன்பு ஒரு முறை இக்கரையை வானிலிருந்து பார்த்த கதை நம்மிடம் உண்டு. போர் முடிந்து அயோத்தி திரும்பும்போது இராமன் புட்பக விமானத்திலிருந்து சீதைக்குச் சேதுவைக் காட்டினான் என்கிறது இராமகாதை. அந்த விமானமோ குபேரனுடையது, இராவணன் பறித்துக்கொண்டது, பின்னர் வென்றவன் ஏறியது. செல்வன், வல்லவன், வென்றவன் என்று மூவர் கை மாறியும் அது ஒரு மீனவக் குழந்தைக்காக மன்னாரில் இறங்கியதாகக் கதையில் இல்லை. 1947 டிசம்பரில் எயார் சிலோன் நிறுவனம் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு முதல் விமானத்தை விட்டபோதும், கீழே கடலில் நின்றவன் அண்ணாந்துதான் பார்த்தான். இக்கடலின் அடியில் மூழ்கி அரசர்களுக்கும் கம்பெனிகளுக்கும் முத்தெடுத்துக் கொடுத்தவர்களின் வழிவந்தோர் அவர்கள். ஆழத்தை அறிந்தார்கள், உயரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது அக்குழந்தை காண்பது இதுதான். கீழே நீண்டு கிடக்கும் தன் தீவு. தலைமன்னாருக்கு அப்பால், பாதி நீரும் பாதி மணலுமாக இராமேஸ்வரத்தை நோக்கிப் போகும் திட்டுகள். தென்கரையில் வரிசையாகச் சுழலும் முப்பது காற்றாலைகள். வங்காலைச் சதுப்பில் ஒரு கை உப்பைப் போல் சிதறி, அசைந்தால் மட்டும் பறவையென்று தெரியும் பூநாரைகள். கோட்டை, பாலம், உப்பளம், படகுகள். அவற்றின் நடுவே, தாய் விரலால் காட்ட, ஒரு தகரக் கூரை. அதிலிருந்து வைத்தியசாலை வரை போகும் வீதியும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். அது எவ்வளவு நீளம் என்பது மேலிருந்து பார்க்கும்போதுதான் முழுமையாகத் தெரியும்.

விமானத்தில் உடன் அமர்ந்திருக்கும் தாய், எஞ்சின் ஒலி எழும்போது ஒரு கணம் குழந்தையின் தலையைத் தன் மடியை நோக்கி அழுத்துவாள், பழைய பழக்கம். குழந்தை தலையை விடுவித்துக்கொண்டு கண்ணாடி வழியே கீழே பார்க்கும். கரையில் யாரோ சிறுவர் கையசைப்பார்கள். இம்முறை அந்தக் கையைக் கண்டு திருப்பிக் கையசைக்க மேலே ஒருவர் இருப்பார்.

அவர் திரும்பி வந்து அந்தக் கரையில் வளர்ந்து பெரியவராவதற்கான வழியைச் செய்வது கீழே இருக்கும் நம்முடைய வேலை.